மானிப்பாயில் மலர்ந்த மருத்துவத் தமிழ்

சொல்லுக்காகக் கூடுபவர்கள் நாம். பத்தாண்டுகளாக இந்த நெய்வேலி நகரியத்தில், சுரங்கப் பணியும் அனல்மின் நிலையப் பணியும் முடித்து வந்து, ஒரு சொல் சரியா தவறா என்று இரவு நெடுநேரம் வாதாடியிருக்கிறோம். அத்தகைய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில், மருத்துவ மாணவர்க்குப் பாடம் சொன்ன வரலாற்றைப் பற்றிய கட்டுரை எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். அதுவும் ஒரு சொல்லில் தொடங்கிய கதைதான் என்பதே என் விடை. அந்தச் சொல்லை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுரங்கத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்ற என் தந்தையாரை, ஓர் இரவு வெளியூர் மருத்துவமனை ஒன்றில் சேர்க்க நேர்ந்தது. பயிற்சி மருத்துவரான இளைஞர் ஒருவர் வந்தார். "நெஞ்சு வலிக்குதா ஐயா?" என்று கேட்டார். "வலியெல்லாம் இல்லே தம்பி, கல்லத் தூக்கி வச்ச மாதிரி பாரமா இருக்கு" என்றார் தந்தையார். இளைஞர் "நெஞ்சு வலி இல்லை" என்று எழுதிக்கொண்டார். வாய்வுத் தொல்லைக்கு மருந்து கொடுத்தார்கள். விடியற்காலையில் மூத்த மருத்துவர் தம் மாணவர் சூழ வந்தார். கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, "என்ன செய்யுதுன்னு உங்க வார்த்தையிலேயே சொல்லுங்க பெரியவரே" என்றார். தந்தையார் அதே சொற்களைத்தான் மறுபடியும் சொன்னார். அந்த மருத்துவர் எழுந்த வேகத்தை இன்றும் மறக்க முடியவில்லை. செய்ய வேண்டியவற்றைச் செய்ய ஆளனுப்பிவிட்டு, மாணவர் பக்கம் திரும்பி, "இவர் எதையும் மறைக்கவில்லை. நாம்தான் கேட்கத் தெரியாமல் கேட்டிருக்கிறோம்" என்று மட்டும் சொன்னார்.

தந்தையார் பிழைத்தார். ஆனால் அந்த ஐந்து மணி நேரம் அவருடைய இதயத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. மேலும் ஆறு ஆண்டுகள் இளைப்போடு வாழ்ந்து மறைந்தார். அந்த இளைஞர்மீது எனக்குச் சினம் இல்லை. அவர் படித்த நூலில் நோய் வேறு மொழியில் இருந்தது. கட்டிலில் கிடந்த நோயோ தமிழில் பேசியது. மாரடைப்பு வந்தவர் பலர் அதை வலி என்றே சொல்லமாட்டார்கள். பாரம், அழுத்தம், இறுக்கம் என்பார்கள். பாரத்தை வலியென்று உணரும் காதை அவருக்கு எவரும் பழக்கவில்லை. வகுப்பறைக்கும் கட்டிலுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியை அடைக்க ஒருவர் முயன்றிருக்கிறார் என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன். அவர் தமிழர் அல்லர். அவர் முயன்றது ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்பு.

கட்டிலருகே கற்பித்தல்

மருத்துவம் இரண்டு இடங்களில் கற்பிக்கப்படுகிறது. ஒன்று வகுப்பறை; மற்றொன்று நோயாளியின் கட்டிலருகு. ஐரோப்பாவில் நெடுங்காலம் வகுப்பறையே ஓங்கியிருந்தது. பழைய நூலைப் படித்து ஒப்பிப்பதே படிப்பு என்றிருந்த நிலை மெல்ல மாறியது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலந்து நாட்டு லெய்டன் நகரில் பூர்ஹாவே என்னும் பேராசிரியர், பன்னிரண்டே படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவக் கூடத்தில், ஆடவர் அறுவர், பெண்டிர் அறுவர் என வைத்துக்கொண்டு மாணவரைக் கட்டிலுக்குக் கட்டில் அழைத்துச் சென்று கற்பித்தார். அங்கே பயின்றோர் வழியாக அம்முறை எடின்பரோ, வியன்னா போன்ற நகரங்களுக்குப் பரவியது. 1890-களில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர் அதனை முறையான கல்வியாகவே ஆக்கினார். நோயாளிகள் கிடக்கும் கூடங்களில் மாணவர்க்குக் கற்பித்தவன் என்பதைத் தவிர வேறு கல்லறை வாசகம் தமக்கு வேண்டாம் என்று கருதியவர் அவர்.

பார்த்தல், தொட்டறிதல், தட்டிக் கேட்டல், செவிமடுத்தல் என்னும் நான்கும் கட்டிலருகே கற்க வேண்டிய கலைகள். தட்டிக் கேட்கும் முறையை 1761-இல் வெளியிட்ட ஔவன்புருக்கர் ஒரு விடுதிக்காரரின் மகன். மதுப் பீப்பாயைத் தட்டி அதில் எவ்வளவு மது மீந்திருக்கிறது என்று அறியும் பழக்கத்தை மனிதரின் மார்புக்குக் கொண்டுவந்தவர் என்பர். ஆயினும் இந்த நான்குக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அது நோயாளி சொல்வதைக் கேட்பது. நம் சித்த மருத்துவர்கள் நோயறியும் வழிகளை எட்டாக வகுத்தபோது நாடி, விழி, நா, நிறம், பரிசம், மலம், சிறுநீர் ஆகியவற்றோடு மொழியையும் ஒன்றாக வைத்தார்கள். நோயாளியின் குரலும் பேச்சும் கூட நோய்க்குச் சான்று என்பது அவர்கள் கண்ட உண்மை. வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்காகப் பகுக்கும்போது, நோயாளியை முதலில் வைத்தார். மருத்துவரை அடுத்தே வைத்தார்.

1835

இந்திய மண்ணில் மேலை மருத்துவக் கல்வி எந்த மொழியில் நடப்பது என்பது ஒரே ஆண்டில் முடிவான செய்தி. கல்கத்தாவில் 1822-இல் தொடங்கப்பட்ட நாட்டு மருத்துவப் பள்ளியில் பாடம் நாட்டு மொழியில் நடந்தது, பாடநூல்கள் மொழிபெயர்க்கப்பட்டன. 1835-இல் அது கலைக்கப்பட்டு, ஆங்கிலத்தில் கற்பிக்கும் கல்கத்தா மருத்துவக் கல்லூரி எழுந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் சென்னையில் மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. இந்தியர்க்கு ஆங்கிலக் கல்வியே வேண்டும் என்ற மெக்காலேயின் குறிப்பு கையெழுத்தானதும் அதே பிப்ரவரி 2. இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தது தற்செயலே. ஆனாலும் அந்த நாளுக்குப் பின் மருத்துவ வகுப்பறையின் மொழி எது என்பதில் ஐயம் இருக்கவில்லை. சென்னைப் பள்ளி 1850-இல் மருத்துவக் கல்லூரி ஆயிற்று. 1875-இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களுக்கு இடமளித்து உலகின் பல நாடுகளுக்கு வழிகாட்டியது. பெருமை மிக்க வரலாறுதான். ஆயினும் சென்னைப் பொது மருத்துவமனையின் கட்டில்களில் கிடந்தோர் பேசியது தமிழும் தெலுங்கும்.

வகுப்பறை ஒரு மொழியிலும் கட்டில் வேறு மொழியிலும் இயங்கும் நிலை இயல்பானதாகவே ஏற்கப்பட்டுவிட்ட காலத்தில், பாக்கு நீரிணைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வேறொரு முடிவு எடுக்கப்பட்டது.

மானிப்பாய்க்கு வந்தவர்

சாமுவேல் பிஷ்க் கிறீன் 1822 அக்டோபர் 10-ஆம் நாள் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து உவூஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். நியூயார்க் நகரை விரிவாக்கிய பெருமைக்குரிய ஆண்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் இவருடைய தமையனார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்ற இவர், அமெரிக்க மிஷன் சங்கத்தின் மருத்துவராக 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். சமயப் பணியே அவரை அனுப்பியது. அதனை அவர் என்றும் மறைத்ததில்லை. அதே சங்கத்தைச் சேர்ந்த ஜான் ஸ்கடர், இவருக்கு முன்பே பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்து, 1836-இல் சென்னைக்குப் பெயர்ந்திருந்தார். அந்தக் குடும்பத்தை இக்கட்டுரையில் மீண்டும் சந்திப்போம்.

கிறீன் மானிப்பாயில் அமர்ந்தார். 1848 முதலே உள்ளூர் இளைஞர்க்கு மருத்துவம் கற்பிக்கலானார். மருத்துவமனையே அவருக்குப் பள்ளியாயிற்று. தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆனால் தமிழை அவர் ஆர்வத்தோடு கற்றார். கால்வின் கட்டர் எழுதிய உடற்கூறும் உடல்நலமும் பற்றிய தொடக்க நூலை 1852-லேயே தமிழாக்கினார். மோன்செல் என்பாரின் மகப்பேற்று நூல் "பிரசவ வைத்தியம்" என்னும் பெயரில் 1857-இல் வெளிவந்தது. பத்தாண்டுக் காலப் பணிக்குப் பின் தாயகம் சென்ற கிறீன், திருமணம் செய்துகொண்டு 1862-இல் மீண்டும் மானிப்பாய் வந்தார்.

அப்போது அவர் கண்ட காட்சி அவரைச் சிந்திக்க வைத்தது. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற மாணவர், ஊதியம் மிக்க அரசுப் பணியைத் தேடி ஊரைவிட்டுச் சென்றனர். எந்த ஊர் மக்களுக்காக அவர்களை உருவாக்கினாரோ அந்த ஊரில் மருத்துவர் இல்லை. ஆங்கிலம் மருத்துவரை ஊரிலிருந்து எடுத்துச் செல்லும் ஏணியாகிவிட்டதை உணர்ந்த கிறீன், 1864 முதல் மருத்துவம் முழுவதையும் தமிழிலேயே கற்பிப்பது என்று முடிவு செய்தார். தம் மாணவர் உடையிலும் வாழ்க்கை முறையிலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்றும் விரும்பினார். அதை எல்லா மாணவரும் மகிழ்ந்து ஏற்றதாகச் சொல்வதற்கில்லை. ஆங்கிலம் தந்த மதிப்பை இழக்க யாருக்குத்தான் மனம் வரும்?

இந்த முடிவுதான் அவருடைய வாழ்க்கையின் பெருஞ்செயல். தமிழில் கற்பிக்க வேண்டுமென்றால் தமிழில் நூல் வேண்டும். தமிழில் நூல் வேண்டுமென்றால் சொல் வேண்டும்.

சொல் தேடிய வழி

இவ்விடத்தில் கவிஞர்களாகிய அன்பர்கள் சற்று நின்று நோக்க வேண்டும். மனித உடலின் ஒவ்வோர் எலும்புக்கும் நரம்புக்கும் தசைக்கும் பெயர் வேண்டும். ஒவ்வொரு நோய்க்கும் பெயர் வேண்டும். அப்பெயர்களைக் கொண்டு ஒரு மாணவன் தேர்வு எழுத வேண்டும்; மறுநாள் ஓர் உயிரைக் காக்கவும் வேண்டும். பொருள் மயங்கினால் கவிதையில் ஓர் அழகு பிறக்கலாம். அறுவை மருத்துவத்தில் உயிர் போகும்.

கிறீன் வகுத்துக்கொண்ட நெறி எளிமையானது. முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது. கிடைக்காவிடில் வடமொழியை நாடுவது. அதுவும் பொருந்தாவிடில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதிக்கொள்வது. இந்த மூன்று படிகளையும் அவருடைய நூற்பெயர்களிலேயே காணலாம். அறுவை மருத்துவ நூலுக்கு "இரண வைத்தியம்" என்று பெயர் வைத்தார். அது நாட்டு மருத்துவர் வழங்கிய பெயர். உடற்கூற்று நூல் "அங்காதிபாதம்" ஆயிற்று. அதுவும் நாட்டு வைத்திய மரபில் முன்பே வழங்கிய பெயர். உடலின் இயக்கத்தைச் சொல்லும் நூலுக்கு வடமொழி வாடையோடு "சுகரணம்" என்று பெயரிட்டார். வேதியியலுக்கு ஆங்கிலத்தையே தமிழ்ப்படுத்திக் "கெமிஸ்தம்" என்றார். இன்று நாம் உடற்கூறியல், உடலியங்கியல், வேதியியல் என்று வழங்குகிறோம். சுகரணம் நிலைக்கவில்லை, கெமிஸ்தம் நம் செவிக்கு நகைப்பூட்டுகிறது. ஆனால் ஆங்கிலச் சொல்லை அப்படியே விட்டுவிடாமல், தமிழ் ஈறு கொடுத்துத் தமிழ் வாக்கியத்துக்குள் உட்கார வைத்த துணிவை எண்ணிப் பாருங்கள்.

அடுத்தடுத்து நூல்கள் வந்தன. துருவிட் என்பாரின் அறுவை மருத்துவ நூல் 1867-இல் "இரண வைத்தியம்" ஆயிற்று. ஹூப்பரின் மருத்துவக் கையேடு 1872-இல் "வைத்தியாகரம்" ஆயிற்று. அதே 1872-இல் "மனுஷ அங்காதிபாதம்" வெளிவந்தது. இன்றும் மருத்துவ மாணவர் கையிலிருக்கும் கிரே என்பாரின் உடற்கூற்று நூலே அது. அந்த நூல் ஆங்கிலத்தில் முதன்முதல் வெளிவந்தது 1858-இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது. 1875-இல் "கெமிஸ்தம்" வந்தது. டால்டனின் நூல் 1883-இல் "மனுஷ சுகரணம்" எனும் பெயரில் வெளிவந்தது. கலைச்சொல் தொகுதிகள் தனியே வந்தன. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களைத் தாண்டும்.

இப்பணி கிறீன் ஒருவரால் ஆனதன்று. அவரிடம் கற்ற மாணவர்களே மொழிபெயர்ப்பாளர்கள் ஆனார்கள். சாப்மன் என்னும் வைரமுத்து, டான்போர்த், வில்லியம் பால், சுவாமிநாதன் முதலியோரை மறத்தல் நன்றன்று. இவர்கள் அயலிலிருந்து வந்த புலவர்கள் அல்லர். கட்டிலருகே நின்று பழகிய மருத்துவர்கள். நோயாளி என்ன சொல்லால் தன் துன்பத்தைச் சொல்வான் என்பதை நாள்தோறும் கேட்டவர்கள். அகராதியைப் பார்த்து மட்டும் செய்யும் மொழிபெயர்ப்புக்கும், நோயாளியின் நாவைக் கேட்டுச் செய்யும் மொழிபெயர்ப்புக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

கிறீனிடம் பயின்று மருத்துவரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே கற்றவர்கள். 1873-இல் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய பின்னும் கிறீன் ஓயவில்லை. உவூஸ்டரில் இருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். 1884 மே 28-இல் மறைந்தார். தமிழருக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்பதையே தம் கல்லறையில் பொறிக்கச் செய்தார். கட்டிலருகே கற்பித்தவன் என்பதே தமக்குப் போதும் என்று எண்ணிய ஆஸ்லரைப் போல, இவருக்கும் அந்த ஒரு வரியே போதுமாயிருந்தது.

ஏன் நிலைக்கவில்லை?

கிறீனைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால் வரலாறு எழுதுவோன் அவருடைய முயற்சி ஏன் தொடரவில்லை என்பதையும் கேட்க வேண்டும்.

கொழும்பில் 1870-இல் அரசு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே பாடம் ஆங்கிலத்தில். அரசு ஏற்கும் தகுதியும் பதவியும் அவ்வழியே வந்தன. தமிழில் கற்ற மருத்துவருக்கு ஊரில் மதிப்பு இருந்தது. அரசுப் பட்டியலில் இடம் இல்லை. மேலும் மருத்துவம் நின்று காத்திருக்கும் அறிவன்று. கிறீனின் நூல்கள் அச்சேறிய காலத்தில்தான் நோய்களுக்கு நுண்ணுயிர்கள் காரணம் என்பது ஐரோப்பாவில் நிறுவப்பட்டு வந்தது. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882-இல் அறிவித்தார். இத்தகைய புதுமைகளை ஆண்டுதோறும் தமிழில் தர ஒரு கூட்டம் வேண்டும். ஒருவரும் அவருடைய சில மாணவரும் போதமாட்டார்கள். மொழிபெயர்ப்பு ஒருமுறை செய்து முடிக்கும் திருப்பணியன்று. நாள்தோறும் விளக்கேற்றும் பணி. ஏற்றுவோர் இல்லாதபோது விளக்கு அணைந்தது.

பிற்காலத்தில் ஐதராபாத்து உஸ்மானியா பல்கலைக்கழகம் உருதுமொழியில் மருத்துவம் கற்பித்தது. அரசின் ஆதரவு இருந்த வரையில் அது நடந்தது. 1948-க்குப் பின் அங்கும் ஆங்கிலமே வந்தது. 2022-இல் மத்தியப் பிரதேச அரசு இந்தியில் மருத்துவப் பாடநூல்களை வெளியிட்டபோது நாடே பேசியது. அப்பேச்சுக்கிடையே, 150 ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் இது நடந்தது என்று நினைவூட்டியவர் மிகச் சிலரே. நமக்கு அதை நினைவூட்டி வைத்தவரும் ஒரு கவிஞரே. ஈழத்துக் கவிஞர் அம்பி "மருத்துவத் தமிழ் முன்னோடி" என்னும் நூலை 1995-இல் எழுதிக் கிறீனை மறதியிலிருந்து மீட்டார். மருத்துவர்கள் மறந்ததை ஒரு கவிஞர் நினைத்தார் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. பொறுப்பும் தரும் செய்தி.

நம் மாவட்டத்து இரவொன்று

யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணி தொடங்கிய ஜான் ஸ்கடரின் பேத்தியே ஐடா ஸ்கடர். இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர். நெய்வேலி அன்று அடங்கியிருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்தில், திண்டிவனத்தில், அவருடைய வாழ்க்கை திசை மாறியது. ஓர் இரவில் மூன்று கணவர்கள் தனித்தனியே வந்து, மகப்பேற்று வேதனையில் இருக்கும் தம் மனைவியரைக் காக்க வருமாறு அந்த இளம்பெண்ணை அழைத்தனர். அவர் மருத்துவம் அறியாதவர். மருத்துவரான தம் தந்தை வருவார் என்றார். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பினர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். கட்டிலருகே போக முடியாத மருத்துவத்தால் பயனில்லை என்பதை அந்த இரவு அவருக்குக் கற்பித்தது.

அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று 1900-இல் திரும்பிய ஐடா, 1918-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பெண்கள் இக்கல்வியைத் தாங்கமாட்டார்கள் என்று பலர் ஐயுற்றனர். முதலாண்டுத் தேர்வுக்குச் சென்ற பதினான்கு பெண்களும் தேர்ச்சி பெற்று அந்த ஐயத்தைப் போக்கினர். வேலூரில் பாடமொழி ஆங்கிலமே. ஆனால் ஐடா சாலையோரத்து மரநிழலில் வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். மாணவியரையும் அங்கு அழைத்துச் சென்றார். கட்டில் கூட இல்லாத இடத்தில் நடந்த கட்டிலோர வகுப்பு அது. அங்கே ஆங்கிலத்துக்கு வேலை இல்லை. நோயைக் கேட்டறிந்தது தமிழிலும் தெலுங்கிலும். கிறீன் நூல்களின் வழியாக அடைக்க முயன்ற இடைவெளியை, ஐடா மாணவியரை ஊருக்கு நடுவே கொண்டு நிறுத்தி அடைக்க முயன்றார். இருவரில் ஐடாவின் பள்ளி நிலைத்தது. 1942-இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது; 1947 முதல் ஆடவரும் சேர்ந்தனர்.

நாம் செய்யக்கூடியது

இன்று நம் மாவட்டத்திலேயே சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1985-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டு, பின்னர் அரசுக் கல்லூரியாயிற்று. தமிழகத்துக் கல்லூரிகளில் பிற மாநில மாணவரும் பயில்கிறார்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த மருத்துவப் பாடத்திட்டம், முதலாண்டின் தொடக்கத்தில் தரப்படும் அடிப்படைப் பயிற்சியில் உள்ளூர் மொழிப் பயிற்சியையும் சேர்த்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் எந்தத் தமிழைக் கற்பிப்பது? தமிழ்நாட்டில் பிறந்து தமிழ் பேசும் மாணவருக்கே தெரியாத தமிழ் ஒன்று நோயாளியின் நாவில் இருக்கிறது என்பதே என் தந்தையாரின் கட்டிலருகே நான் கற்ற பாடம்.

நம் வட்டாரத்துப் பெண் ஒருத்தி, "மருமக முழுகாம இருக்கா" என்றால் அவள் கருவுற்றிருக்கிறாள் என்று பொருள். நகரத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்த மாணவி, குளிக்காமல் இருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டால் வியப்பில்லை. "மயக்கமா வருது" என்பார் ஒருவர். உலகம் சுற்றுவது போன்ற கிறுகிறுப்பா, கண் இருண்டு விழப்போகும் மயக்கமா என்று கேட்டறிய வேண்டும்; முன்னது பெரும்பாலும் காதின் உட்பகுதிக் கோளாறு, பின்னது இரத்த ஓட்டத்தின் கோளாறாக இருக்கலாம். ஓங்கரிப்பு வேறு; குமட்டல் வேறு; எதுக்களித்தல் வேறு. வலியென்று நூல் ஒரே சொல்லில் சொல்வதை நம் மக்கள் குத்தல், குடைச்சல், கடுப்பு, பிசைதல், இழுப்பு, பிடிப்பு, உளைச்சல், எரிச்சல் என்று எத்தனை வகையாகச் சொல்கிறார்கள்! விண்விண்ணென்று தெறிப்பது சீழ்க்கட்டியின் மொழி. வந்து வந்து பிசைந்து விடுவது குடலின் மொழி. நீர் பிரியும்போது வரும் கடுப்பு சிறுநீர்ப் பாதையின் மொழி. மதமதப்பும் மரத்துப்போதலும் நரம்பின் மொழி. நெஞ்சில் ஏற்றிவைத்த கல், இதயத்தின் மொழி.

இச்சொற்களை எந்தப் பேராசிரியரும் உருவாக்கவில்லை. உழுதும் நட்டும் சுரங்கத்தில் மண் வெட்டியும் உடம்பு நொந்த மக்கள் உருவாக்கியவை. கிணறு தோண்டப் போன இடத்தில் 1934-இல் பழுப்பு நிலக்கரி கண்ட ஊர் நம்முடையது. மேல்மண்ணை அகற்றினால்தான் அடியில் உள்ளது தெரியும் என்பதை நமக்கு வேறெவரும் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இச்சொற்களைத் தொகுத்து, பொருள் எழுதி, நம் மாவட்டத்து மருத்துவ மாணவர் கையில் ஒரு சிறு நூலாகக் கொடுக்க இதுவரை நாம் முன்வரவில்லை.

ஆகவே இம்மலரின் வழியாக வட்டத்து அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டின் கூட்டங்களுள் சிலவற்றை இப்பணிக்கு ஒதுக்குவோம். ஒவ்வொருவரும் தத்தம் தாய், பாட்டி, அண்டை வீட்டார் நோயைச் சொல்லும் சொற்களைக் கேட்டு எழுதி வருவோம். விருத்தாசலத்துச் சொல்லும், சிதம்பரத்துச் சொல்லும், கடலூர் மீனவர் சொல்லும் வேறுபடும், வேறுபாட்டையும் குறிப்போம். மருத்துவர் ஒருவரை அருகே வைத்துக்கொண்டு பொருளைச் சரிபார்ப்போம். கிறீன் முழு மருத்துவத்தையும் தமிழுக்குக் கொண்டுவர முயன்றார். அது ஒரு வட்டத்தின் ஆற்றலுக்கு மேற்பட்டது. நோயாளியின் தமிழை மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பது நம் ஆற்றலுக்கு உட்பட்டதே. சொல்லை எடைபோடப் பழகியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பணி வேறென்ன இருக்க முடியும்?

அந்தப் பட்டியலின் முதற்சொல்லாகப் "பாரம்" என்பதை நான் எழுதித் தருகிறேன். அதன் எதிரே, "நெஞ்சில் பாரம் என்று முதியவர் ஒருவர் சொன்னால், வலி இல்லை என்று எழுதற்க" என்று பொருள் எழுதுங்கள்.